ஏஜாக்ஸில் குடியிருந்து ரொறன்ரோவுக்கு ரயிலில் போய்வரலாமா?

தம்பி, நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு கேள்விகள். ரொறன்ரோ நகர மையத்தில் வேலை கிடைத்திருக்கிறது, வாடகை சற்றுக் குறைவு என்பதால் ரொறன்ரோவுக்குக் கிழக்கேயுள்ள ஏஜாக்ஸில் குடியேற எண்ணுகிறீர்கள், அங்கிருந்து கார் வாங்காமல் ஒன்ராறியோ அரசின் புறநகர் ரயிலான கோ ரயிலிலேயே நாளாந்தம் போய்வர முடியுமா என்பது ஒன்று. “அது கார் இல்லாமல் ஒன்றுமே நடக்காத இடம், ரயில் எல்லாம் பெயருக்குத்தான்” என்று உறவினர்கள் சொல்வது சரியா, இப்படிப் பரந்து கிடக்கும் புறநகர்களில் ரயில் எங்கேனும் வெற்றிபெறுமா என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு விடை தெரிந்தால் முதலாவதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உறவினர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் ரயில் பெயருக்குத்தான் என்பது அந்தப் பாதிக்குள் அடங்காது. ஒன்ராறியோ அரசு 1967 மே மாதத்தில் ஏரிக்கரையோரமாக, ரொறன்ரோவுக்கு மேற்கேயுள்ள ஓக்வில்லுக்கும் கிழக்கேயுள்ள பிக்கரிங்குக்கும் இடையே பரீட்சார்த்தமாக ஓடவிட்ட கோ ரயில், இன்று ரொறன்ரோ நகர மையத்திலுள்ள யூனியன் நிலையத்தை மையமாகக் கொண்டு ஏழு தடங்களில் ஓடுகிறது. பன்னிரண்டு பெட்டிகள் கொண்ட இரட்டைத்தட்டு ரயில் ஒன்றில் ஏறத்தாழ 1,900 பேர் அமர்ந்து செல்லலாம். நெடுஞ்சாலையின் ஒரு ஒழுங்கையில் ஒரு மணித்தியாலத்தில் கடக்கக்கூடிய கார்கள் ஏறத்தாழ 2,000 தான், அவற்றில் பெரும்பாலானவற்றில் ஓட்டுநர் மட்டுமே இருப்பார் என்பதை நினைத்தால், காலையில் யூனியனுக்குள் நுழையும் ஒவ்வொரு ரயிலும் 401 என்ற நெடுஞ்சாலையிலிருந்து எவ்வளவு பாரத்தை இறக்கிவைக்கிறது என்பது புரியும். பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டுகளில் அதன் இயக்கச் செலவில் பெரும்பகுதியைப் பயணிகளின் கட்டணமே ஈடுசெய்தது. வட அமெரிக்காவில் இது எளிதில் காணக்கூடிய விடயம் அன்று.

இந்த வெற்றிக்குக் காரணம் புறநகர் மக்கள் திடீரென்று காரை வெறுத்துவிட்டதல்ல. நகர மையத்தில் வாகனத்தை நிறுத்த நாளொன்றுக்குக் கொடுக்கவேண்டிய பணம் அதிகம். அலுவலகக் கோபுரங்கள் பல யூனியன் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் நெருங்கி நிற்கின்றன, 30 கிலோமீற்றருக்கு மேல் நீளும் ‘பாத்’ என்ற நிலத்தடி நடைபாதையோ பனியில் கால் வைக்காமலே அவற்றில் பலவற்றுக்கு உங்களைக் கொண்டுசேர்க்கும். மறுமுனையில், புறநகர் நிலையங்களைச் சுற்றி அரசு பெரும் வாகனத் தரிப்பிடங்களை அமைத்து, பெரும்பாலான இடங்களை இலவசமாகவே விட்டுவைத்தது. ஆகவே ஒருவர் தன் வீட்டு வாசலிலிருந்து நிலையம் வரை காரிலும், அங்கிருந்து ரயிலிலும் போகிறார். காரோடு சமரசம் செய்துகொண்டே வளர்ந்த ரயில் இது.

அந்தச் சமரசத்துக்கான விலையையும் நாங்கள்தான் செலுத்துகிறோம். நிலையத்தைச் சுற்றி நடந்துபோகும் தூரத்தில் வீடுகளும் கடைகளும் பாடசாலைகளும் இருந்திருக்கவேண்டிய நிலம், பகல் முழுவதும் அசையாமல் நிற்கும் கார்களின் கீழ் கிடக்கிறது. நீங்கள் குடியேற நினைக்கும் ஏஜாக்ஸின் நிலையம் 401 ஐ ஒட்டியே இருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் வீடு அருகில் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் அந்தத் தூரத்தை ஒரு ஜனவரி மாதக் காலையில், அகலமான வீதிகளைக் கடந்து நடந்து பார்த்தவருக்குத்தான் அது எவ்வளவு என்று தெரியும். அதனால் பல ஆண்டுகளாக நான் ஏஜாக்ஸ் அடங்கிய டர்ஹாம் பகுதியில் கண்டது இதுதான்: கோ ரயில் ஒரு குடும்பத்தின் இரண்டாவது காரைத் தேவையற்றதாக்கும், முதலாவது காரை அது பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. காப்புறுதிக் கட்டணம் இருக்கும் நிலையில் ஒரு காரை மிச்சப்படுத்துவதே பெரிய காரியம் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

அடுத்ததாக, எந்தத் தடம் என்பது எந்த ஊர் என்பதைவிட முக்கியமானது. 2021 குடிசன மதிப்பீட்டின்படி ரொறன்ரோவுக்கு மேற்கேயுள்ள மிசிசாகாவில் ஏழு லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்கிறார்கள், ஏஜாக்ஸில் ஏறத்தாழ 1,27,000 பேர். பெரிய நகரத்துக்குத்தான் நல்ல ரயில் கிடைக்கும் என்று எவரும் நினைப்பார்கள். ஆனால் மிசிசாகாவின் மையப்பகுதிக்கு அருகே செல்லும் மில்ற்றன் தடத்தின் தண்டவாளம் கனேடியன் பசிபிக் என்ற சரக்கு ரயில் நிறுவனத்தின் வழிவந்த நிறுவனத்துக்குச் சொந்தமானது. ஆகவே அங்கே வார நாட்களில் காலையில் நகரை நோக்கியும் மாலையில் நகரிலிருந்து வெளியேயும் மட்டுமே ரயில் ஓடுகிறது, மற்ற நேரங்களில் பேருந்துதான். ஏஜாக்ஸின் கதை வேறு. 1967 இல் பிக்கரிங்கோடு நின்றுபோன ரயில் அங்கே வருவதற்கு 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது உண்மைதான். ஆனால் அப்போது பிக்கரிங்குக்குக் கிழக்கே கோ தனக்கென்றே தண்டவாளம் போட்டுக்கொண்டதால், இன்று ஏரிக்கரைக் கிழக்குத் தடத்தில் வார இறுதிகளிலும் இருபுறமும் ரயில் ஓடுகிறது. தண்டவாளம் யாருடையது என்ற கேள்வியை வீடு பார்க்கப் போகிறவர் கேட்பதில்லை, கேட்கவேண்டும்.

மூன்றாவது, வேலை எங்கே இருக்கிறது என்பது. ரயில் வெற்றிபெற்றது யூனியனுக்குப் போகிறவர்களிடத்தில் மட்டுமே. கனடாவில் நகர மையங்களுக்கு வெளியே பெருந்தொகையான வேலைகள் குவிந்திருக்கும் இடம் பியர்சன் விமான நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதி. அங்கே களஞ்சியங்களும் தொழிற்கூடங்களும் கிலோமீற்றர் கணக்கில் பரந்து கிடக்கின்றன, வேலை முறைமாற்றங்கள் விடியுமுன்னரும் நள்ளிரவிலும் நடக்கின்றன. 2015 இலிருந்து யூனியனுக்கும் விமான நிலையத்துக்கும் இடையே தனி ரயில் ஓடினாலும், முனையத்தில் இறங்கி அந்தக் களஞ்சியங்களுக்குப் போவதற்கு அது உதவாது. எங்கள் ஆட்களில் பலர் இத்தகைய வேலைகளில் இருப்பதால்தான் “ரயில் பெயருக்குத்தான்” என்ற பேச்சு எழுகிறது என்று நினைக்கிறேன். அவர்களுடைய அனுபவத்தில் அது பொய்யே அல்ல. உங்களுக்கு இன்று வேலை யூனியனுக்கு அருகில், உங்கள் மனைவிக்கு நாளை கிடைக்கும் வேலை எங்கே இருக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பரந்த நகரில் ரயில் வெற்றிபெறும் வேறொரு வழியும் உண்டு. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரமும் கார்களின் நகரம்தான். ஆனால் அங்கே 2007 இறுதியில் திறக்கப்பட்ட மாண்டுரா தடம் ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தூரம், ஒரு பகுதி நெடுஞ்சாலையின் நடுவே, ஓடுகிறது. நிலையங்கள் பலவற்றில் பேருந்துகள் நேரே உள்ளே வந்து ஆட்களை இறக்குகின்றன, ஒரே கட்டணத்தில் இரண்டிலும் பயணிக்கலாம். வீட்டுக்கும் நிலையத்துக்கும் இடையிலான அந்தச் சிறு தூரத்துக்குப் பேருந்தைத் தந்தால் புறநகரவாசியும் காரை வீட்டிலேயே விடுவார் என்பதற்கு அது சான்று. இங்கே அந்தத் திசையில் உருப்படியாக நடந்தது, 2024 பெப்ரவரியில் வந்த ஒரே கட்டணத் திட்டம். இப்போது டர்ஹாம் பேருந்திலிருந்து கோ ரயிலுக்கோ, யூனியனில் இறங்கி ரொறன்ரோ நகரப் போக்குவரத்துச் சேவையான ரிரிசியின் சுரங்க ரயிலுக்கோ மாறும்போது இரண்டாவது முறை உள்ளூர்க் கட்டணம் கொடுக்கவேண்டியதில்லை. மின்மயமாக்கப்பட்ட, அடிக்கடி ஓடும் ரயில் என்று அரசு நெடுங்காலமாகச் சொல்லிவருவதை மட்டும் நம்பி வீடு தேடாதீர்கள். இன்றைய கால அட்டவணையைப் பார்த்துத் தேடுங்கள்.

ஆகவே உங்கள் முதற்கேள்விக்கு என் பதில், முடியும் என்பதே, ஆனால் ஏஜாக்ஸின் எந்த மூலையிலும் அல்ல. நிலையத்துக்கு நேரே போகும் பேருந்துத் தடத்தை ஒட்டி, அந்தப் பேருந்து மாலை வேளையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் எத்தனை நிமிடங்களுக்கு ஒருமுறை வருகிறது என்று பார்த்துவிட்டு வீடு எடுங்கள். கிங்ஸ்ரன் வீதியில் ஓடும் பல்ஸ் பேருந்து ஸ்காபரோ வரை போகும் என்பதால், கடை கண்ணிக்கும் உறவினர் வீட்டுக்கும் போய்வர அந்த வீதியை அண்டிய வீடு நல்லது. இதற்குள் வாடகை வித்தியாசம் கரைந்துபோகுமானால் பிக்கரிங் நிலையத்துக்கு அருகேயும் பாருங்கள். அங்கே 401 க்கு மேலாக ஒரு மூடிய நடைபாலம் நிலையத்திலிருந்து வணிக வளாகப் பக்கத்துக்குப் போகிறது, காரில்லாதவருக்கு அது பெரும் உதவி. கட்டணம் செலுத்தும் பிரெஸ்ரோ அட்டையை ஏறும்போதும் இறங்கும்போதும் தட்ட மறக்கவேண்டாம், நிலையங்களில் தடுப்பு வாயில்கள் இல்லாததால் புதியவர்கள் இறங்கும்போது தட்டாமல் போய், அதிகக் கட்டணம் செலுத்துகிறார்கள்.

கார் வாங்குவதை ஓராண்டு ஒத்திப்போடலாம், சாரதி அனுமதிப்பத்திரத்தை ஒத்திப்போடக் கூடாது. ஒன்ராறியோவில் பயிலுநர் அனுமதிக்கான ஜி1 எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்தபின், அடுத்த கட்டமான ஜி2 வீதிப் பரீட்சைக்குப் பொதுவாக 12 மாதங்கள் காத்திருக்கவேண்டும், அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி எடுத்தால் 8 மாதங்கள். இலங்கையில் வாகனம் ஓட்டிய அனுபவத்துக்கான அத்தாட்சிக் கடிதத்தை வரும்போதே எடுத்துவாருங்கள், அது காத்திருக்கும் காலத்தைக் குறைக்கும்.