கோவையில் கார் இருக்கிறது, வீடு கொழிஞ்சாம்பாறையில்: எங்கே பதிவு செய்வது?

கேள்வி: எங்கள் வீடு பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம். வெளிநாட்டிலிருந்து முழுதாக இறக்குமதியாகும் ஒரு லிமிடெட் எடிஷன் ஸ்போர்ட்ஸ் காருக்காகக் கொச்சியில் கேட்டேன், எல்லாம் முடிந்துவிட்டது என்கிறார்கள். கோவை ஷோரூமில் ஒருவர் புக்கிங்கை ரத்து செய்ததால் ஒரு வண்டி இருக்கிறதாம். அங்கே வாங்கி இங்கே பதிவு செய்ய முடியுமா? கோவையில் இருக்கும் என் சித்தப்பா வீட்டு முகவரியில் டிஎன் நம்பர் போட்டால் வரி குறையும் என்கிறார் நண்பர். துபாயில் இருக்கும் மச்சான், இதைவிட நல்ல எடிஷன் அங்கே கிடைக்கிறது, அனுப்பி வைக்கிறேன் என்கிறார். எது சரி?

பதில்: கோவையில் வாங்குங்கள், உங்கள் பாலக்காடு மாவட்டச் சித்தூரில் பதிவு செய்யுங்கள். சித்தப்பா முகவரி வேண்டாம், துபாய் கார் வேண்டவே வேண்டாம்.

இந்த மாதிரி வண்டிகள் ஏன் ஓர் ஊரில் கிடைத்து இன்னோர் ஊரில் கிடைக்காமல் போகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றது எளிது. 2018இல் மத்திய அரசு ஒரு விதித் தளர்வு கொண்டுவந்தது. ஐரோப்பா, ஜப்பான் போன்ற இடங்களின் தரச் சான்று பெற்ற, வலப்பக்க ஸ்டியரிங் உள்ள கார்களை, ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 2,500 வரை இங்கே மறுபடி சோதனைக்கு உட்படுத்தாமல் கொண்டுவரலாம். அதற்கப்புறம்தான் ஸ்கோடாவின் ஆக்டேவியா ஆர்எஸ் 245 மாதிரி வண்டிகள் 2020இல் 200 என்ற கணக்கில் வந்தன. 2025இல் புதிய ஆக்டேவியா ஆர்எஸ் வெறும் 100தான். அதே ஆண்டு ஃபோக்ஸ்வாகனின் கோல்ஃப் ஜிடிஐ முதல் தவணையில் 150. நாடு முழுவதற்கும் நூறு வண்டி என்றால், ஒரு ஷோரூமுக்கு ஒன்றிரண்டு வந்தாலே பெரிய விஷயம். கொச்சியில் இல்லை என்பதால் கேரளாவுக்கே இல்லை என்று ஆகாது. யாராவது புக்கிங்கை விட்டால் அவர் எந்த ஊரில் விடுகிறாரோ அங்கேதான் வண்டி கிடைக்கும். பெங்களூரு, சென்னை ஷோரூம்களிலும் பெயர் கொடுத்து வைப்பது நல்லது.

எண்ணிக்கை குறைவு என்பதாலேயே விலை ஏறும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். 2016இல் ஃபோக்ஸ்வாகனின் போலோ ஜிடிஐ 99 வண்டிகளோடு ரூ. 25.65 லட்சத்துக்கு வந்தது. விற்பனை மந்தமானதும் பிறகு விலையை ரூ. 19.99 லட்சத்துக்கு இறக்கினார்கள். முதலில் வாங்கியவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்! ஓட்ட ஆசைப்பட்டு வாங்குங்கள். மறுவிற்பனை லாபத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இப்போது பதிவு. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 40 சொல்வது இதுதான்: நீங்கள் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும், வண்டி வழக்கமாக நிற்கும் மாநிலத்தின் பதிவு அதிகாரி ஒருவரிடம் பதிவு செய்ய வேண்டும். வண்டி எந்த ஊரில் வாங்கப்பட்டது என்பது அங்கே கேள்வியே இல்லை. ஆகவே கோவை ஷோரூமில் இன்வாய்ஸை உங்கள் கொழிஞ்சாம்பாறை முகவரிக்கே போடச் சொல்லுங்கள். இன்ஷூரன்ஸும் அதே முகவரியில் இருக்கட்டும். தற்காலிகப் பதிவு எண்ணோடு வேலந்தாவளம் வழியாகவோ வாளையார் வழியாகவோ வண்டியைக் கொண்டுவரலாம். தற்காலிகப் பதிவுக்குச் சட்டப்படி ஆறு மாதம் வரை ஆயுள் உண்டு, ஆனால் அவ்வளவு நாள் இழுக்காதீர்கள். வந்த வாரமே சித்தூர் ஆர்டிஓ அலுவலகத்தில் கேஎல் 70 நம்பருக்கு விண்ணப்பியுங்கள். பதிவு விண்ணப்பமான படிவம் 20, விற்பனைச் சான்றான படிவம் 21, தயாரிப்பாளர் தரும் தகுதிச் சான்றான படிவம் 22, இன்வாய்ஸ், இன்ஷூரன்ஸ், முகவரிச் சான்று ஆகியவை வேண்டும். இறக்குமதி வண்டி என்பதால் சுங்க ஆவணங்களின் நகலையும் டீலரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டீலர் வேறு மாநிலத்துக்காரர் என்பதால், கொச்சியில் வாங்கினால் ஷோரூமே முடித்துத் தரும் வேலையை இங்கே நீங்கள் முன்னின்று செய்ய வேண்டும். வண்டியை நேரில் காட்டச் சொன்னால் காட்டத் தயாராக இருங்கள். கடன் வாங்கினால், அந்த வங்கி கேரளப் பதிவுக்குச் சம்மதிக்கிறதா என்று முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

சித்தப்பா முகவரி யோசனைக்கு வருவோம். 20 லட்சத்துக்கு மேற்பட்ட தனியார் கார்களுக்குத் தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 சதவீதம் ஆயுள் வரி. கேரளாவில் 22 சதவீதம். 50 லட்சம் விலை என்று வைத்துக்கொண்டால் 10 லட்சத்துக்கும் 11 லட்சத்துக்கும் உள்ள வித்தியாசம். ஒரு லட்சம் சின்னத் தொகை இல்லைதான். ஆனால் அதை மிச்சம் பிடிக்க நீங்கள் செய்வது என்ன? குடியிருக்காத வீட்டைக் குடியிருப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறீர்கள். பதிவான மாநிலத்தை விட்டு வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டி நின்றால் மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது பிரிவு 47. அதற்குத் தமிழ்நாட்டில் என்ஓசி என்ற தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், கேரளாவில் மறுபடி வரி கட்ட வேண்டும், கோவையில் கட்டியதில் திரும்ப வர வேண்டியதற்கு அலைய வேண்டும். 2017இல் புதுச்சேரிப் பொய் முகவரிகளில் பதிவான சொகுசுக் கார்கள் மீது கேரளாவில் வழக்குகள் பாய்ந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். எல்லையோரத்தில் டிஎன் நம்பரும் கேஎல் நம்பரும் கலந்துதான் ஓடுகின்றன, யாரும் கேட்கமாட்டார்கள் என்று தோன்றும். ஊருக்கே ஒன்றாக நிற்கும் வண்டியை மறைக்க முடியாது. நாளைக்கு விபத்து என்று வந்து முகவரி பொய் என்று தெரிந்தால், ஆர்டிஓவிலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் பதில் சொல்ல வேண்டியது சித்தப்பா இல்லை, நீங்கள்.

துபாய் விஷயத்தில் மச்சானின் அன்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே விற்பவை இடப்பக்க ஸ்டியரிங் வண்டிகள். இந்தியாவுக்குள் நிரந்தரமாக இறக்குமதி செய்ய வலப்பக்க ஸ்டியரிங் கட்டாயம். பழைய காராக இருந்தால் மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக்கூடாது, மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும், சோதனை மையத்தின் சான்றும் வேண்டும். அதற்கு மேல், காரின் விலையையே தாண்டும் சுங்க வரி. விடுமுறைக் காலத்தில் வளைகுடா நம்பரோடு நம் சாலைகளில் பார்க்கிறீர்களே, அவை கார்னெட் என்ற தற்காலிக அனுமதியில் வந்தவை. குறித்த காலத்தில் திரும்பிப் போக வேண்டும், விற்கக்கூடாது.

யாராவது, நம்பரெல்லாம் போட்டு ரெடியாக இருக்கிறது என்று அபூர்வமான இறக்குமதி வண்டியைக் குறைந்த விலைக்கு நீட்டினால் இன்னும் உஷாராக இருங்கள். 2025 செப்டம்பரில் சுங்கத் துறை ‘ஆபரேஷன் நும்கோர்’ என்ற பெயரில் கேரளா முழுக்கச் சோதனை நடத்தியது. பூட்டான் வழியாகக் கடத்தப்பட்டு, போலி ஆவணங்களோடு வெளி மாநிலங்களில் பதிவானதாகச் சந்தேகிக்கப்பட்ட வண்டிகளைப் பறிமுதல் செய்தார்கள். கையில் ஆர்சி இருந்தும் வண்டி வைத்திருந்தவர்களுக்கு அந்த நிலை.

கோவை வண்டிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் சேஸிஸ் நம்பரை வாங்குங்கள். ரத்து செய்த ஆளின் பெயரில் அது ஏற்கெனவே இன்வாய்ஸ் ஆகியிருக்கிறதா, தற்காலிகப் பதிவு ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள். ஆகியிருந்தால் நீங்கள் இரண்டாவது உரிமையாளராகிவிடக்கூடும், விலையும் அதற்கேற்றபடி இறங்க வேண்டும். டெமோ ஓட்டமாக ஓடியதா என்பதை ஓடோமீட்டரிலும், தயாரித்த மாதத்தைப் படிவம் 22இலும் பாருங்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஷோரூம் ஒரு சதவீதம் டிசிஎஸ் (விற்பவர் வசூலித்துக் கட்டும் வருமான வரி) பிடிக்கும். 50 லட்சத்துக்கு அது 50 ஆயிரம், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ஆகவே பான் எண்ணைச் சரியாகக் கொடுங்கள்.

சர்வீஸுக்குக் கோவையா, திருச்சூரா, எது உங்களுக்கு வசதி என்று இப்போதே முடிவு செய்யுங்கள். இந்த வண்டிகளின் டயர் அளவு நம் பக்கத்துக் கடைகளில் எடுத்தவுடன் கிடைக்காது, தருவிக்க எத்தனை நாளாகும் என்று சர்வீஸ் மேனேஜரிடம் கேளுங்கள். பெட்ரோல் மூடியின் உள்பக்கம் 95 ஆக்டேன் (உயர்ரகப் பெட்ரோல்) என்று போட்டிருந்தால், உங்கள் வழக்கமான பாதையில் எந்தப் பம்பில் அது கிடைக்கிறது என்று பார்த்து வையுங்கள். முன்பணத்தை ஷோரூமின் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். விற்பனையாளர் தன் சொந்த எண்ணுக்கு ஜிபே செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கேரளப் பதிவுக்கான காகிதங்கள் எல்லாவற்றையும் டெலிவரி அன்றே தருவதாக ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.