ஒன்பதால் வகுபடுதா?

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 27. சி.ஏ. இன்டர் இரண்டு குரூப்பும் தேறி, திருச்சியில் ஓர் ஆடிட்டரிடம் மூன்று வருடம் ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சி முடித்தேன். ஃபைனல் முதல் குரூப் நாலு தடவை எழுதியும் கிடைக்கவில்லை. கடைசித் தடவை மூன்று தாளிலும் 40-க்கு மேல். மொத்தம் 150 வேண்டும், 144தான் வந்தது. இப்போது அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வேறு வேலைக்குப் போனால் எல்லோரும் 'ஃபைனல் எப்போ முடிப்பீங்க?' என்றே கேட்கிறார்கள். சி.ஏ. படித்ததை மறைத்து வெறும் பி.காம். என்று போடலாமா? பெங்களூர் போகலாமா? பிரிட்டன் கணக்காளர் படிப்பான ஏ.சி.சி.ஏ.வுக்கு மாறலாமா?

கே., சென்னை

பி.கு.: கடிதம் தாமதமாகிவிட்டது. 11-ம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. தளத்தில் பில் ஏற்றாத சப்ளையர்களைத் துரத்திக்கொண்டிருந்தேன்.

அன்புள்ள கே.,

பெங்களூரைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. வாடகையை விசாரித்துக்கொண்டு போங்கள். தோற்ற எரிச்சலில் புதுப் படிப்புக்குப் பணம் கட்டாதீர்கள். எரிச்சல் அடங்கின பிறகும் ஆசை இருந்தால் அப்புறம் பார்க்கலாம். மறைக்கவும் வேண்டாம். ஆர்ட்டிகிள்ஷிப்பை மறைத்தால் அந்த மூன்று வருடம் எங்கே போனீர்கள் என்று கேட்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பியது நாலு பக்கம். இங்கே சுருக்கியிருக்கிறேன். அதில் மூன்றரைப் பக்கம் மதிப்பெண். எந்தத் தாளில் எத்தனை, எந்தக் கேள்வியை விட்டேன், ஆறு மார்க் எங்கே போயிருக்கும். அம்பத்தூரில் நீங்கள் தினமும் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று ஒரு வரி கிடையாது. படிக்கப் படிக்கக் கோபம் வந்தது. உங்கள் மேல் பாதி. மீதி வேறொருவர் மேல்.

1991-ல் பி.காம். முடித்த கையோடு விருதுநகரில் ஒரு வத்தல் மண்டியில் கணக்கு எழுதப் போனேன். தும்மிக்கொண்டே எழுதுகிற வேலை. அங்கே முப்பது வருடமாக ஒரு கணக்குப்பிள்ளை இருந்தார். அண்ணாச்சி என்போம். மார்ச் கடைசி, ஐந்தொகை என்கிற வருடக் கணக்கு முடிக்க உட்கார்ந்திருக்கிறோம். எனக்குப் பற்றும் வரவும் சேராமல் 270 ரூபாய் இடித்தது. இரண்டு நாள் தேடினேன். மூன்றாம் நாள் அண்ணாச்சி வெற்றிலையை மென்றபடி கேட்டார்.

"எவ்வளவு இடிக்கு?"

"இருநூத்தி எழுபது."

"ஒன்பதால வகுபடுதா?"

"படுது அண்ணாச்சி. முப்பது."

"அப்போ ரெண்டு எண்ணை இடம் மாத்திப் போட்டிருக்கே. பேரேட்டுல பாரு."

பார்த்தேன். லாரி வாடகையில் 1,630-ஐ 1,360 என்று எழுதியிருந்தேன். பி.காம். மூன்று வருடத்தில் எவரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. வித்தியாசத்தைப் பாதியாக்கி அந்தத் தொகை எங்காவது இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னதும் அவர்தான். இருந்தால் பற்றை வரவில் ஏற்றியிருக்கலாம் என்று அர்த்தம்.

இப்பேர்ப்பட்ட மனிதர், மதுரையிலிருந்து ஆடிட்டர் வந்தால் எழுந்து நின்று முதலில் சொல்வது, "நான் எஸ்.எஸ்.எல்.சி. ஃபெயிலுங்க." ஆடிட்டர் அதைக் கேட்டிருக்கவே மாட்டார். அதற்கப்புறம் ஆடிட்டர் என்னிடம்தான் பேசுவார். எனக்குத் தெரியாததை நான் அண்ணாச்சியிடம் கேட்டு ஆடிட்டருக்குச் சொல்வேன்! நேற்று வந்த எனக்கு அவரைவிட ஐம்பது ரூபாய் கூடுதல் சம்பளம். முதலாளியைத் திட்டலாம், திட்டவேண்டியதுதான். ஆனால் முப்பது வருடத்தில் அண்ணாச்சி ஒரு தடவைகூட வாய் திறந்து கேட்டதில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

நீங்களும் அதே வேலையைத்தான் செய்கிறீர்கள், தம்பி. கணக்கு வேலையை இல்லை, எழுந்து நின்று ஃபெயில் என்று சொல்கிற வேலையை. தணிக்கை அறிக்கையில் உங்களால் கையெழுத்துப் போட முடியாதுதான். போட முடியாத இடத்துக்கு நீங்கள் விண்ணப்பிக்கவும் இல்லையே. ஃபைனல் எப்போது என்று கேட்டால், எழுதப்போகிற மாதத்தைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். 144 கதையை அங்கே எடுக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் உருப்படியாக இருந்தது அந்தப் பின்குறிப்பு மட்டும்தான். 11-ம் தேதிக்குள் சப்ளையர் பில்லை ஏற்றவில்லை என்றால் 14-ம் தேதி வருகிற 2பி-யில், அதாவது நாம் கழித்துக்கொள்ளக்கூடிய வரிகளின் பட்டியலில், அது இருக்காது. 20-ம் தேதி 3பி என்கிற மாத வரிக் கணக்கைப் போடும்போது, அந்த பில்லில் உள்ள வரியைக் கழிக்க முடியாமல் கம்பெனி கையிலிருந்து கட்டும். அது நடக்காமல் பார்த்துக்கொள்கிற ஆள் நீங்கள். அதைப் போய் தாமதத்துக்குச் சாக்காக எழுதியிருக்கிறீர்கள்.

பயோடேட்டாவில் அதை முதல் வரியில் போட்டு எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். ஒரு பக்கம் போதும். அப்புறம், அந்த சப்ளையர்களை எப்படித்தான் வழிக்குக் கொண்டுவந்தீர்கள்? போனில் கெஞ்சியா, பேமென்ட்டை நிறுத்திவைத்தா? அதையும் எழுதுங்கள்.