முதலிடம் எந்தத் தொடருக்கு? – கேளுங்கள், டீச்சர் பதில் சொல்கிறேன்

எங்கள் வாசகர் வட்டத்தில் ஆண்டுதோறும் 'பிடித்த தொலைக்காட்சித் தொடர்கள்' பட்டியல் போடுவதைப் பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதில் ஓட்டு எண்ணுவது என் வேலை. கணக்கு டீச்சராக இருந்தவள் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்களே இந்தப் பக்கத்தை நிரப்பிவிட்டன. மூட்டுவலிக்காரர்களும் மாமியார் பிரச்சினைக்காரர்களும் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டீச்சர், எங்கள் குழுவில் 30 பேர். ஆளுக்கு ஓர் ஓட்டு என்று வைத்தோம். ஒரு குடும்பத் தொடர் 12 ஓட்டு வாங்கி முதலிடம் வந்தது. துப்பறியும் தொடர் ஒன்றுக்கு 10, நகைச்சுவைத் தொடர் ஒன்றுக்கு 8. முடிவை அறிவித்ததும் பாதிப் பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். எண்ணிக்கை சரியாகத்தானே இருக்கிறது?

எண்ணிக்கை சரி. நீங்கள் கேட்ட கேள்விதான் போதாது. 12 பேர் குடும்பத் தொடருக்குப் போட்டார்கள் என்றால் 18 பேர் போடவில்லை. அந்த 18 பேருக்கு அது இரண்டாவதாகப் பிடிக்குமா, இல்லை அந்தத் தலைப்புப் பாட்டு கேட்டாலே எழுந்து போய்விடுவார்களா? ஆளுக்கு ஓர் ஓட்டு வைத்தால் இது தெரியவே தெரியாது.

அதே 30 பேரிடமும் மூன்று தொடர்களையும் 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி எழுதித் தரச் சொல்லுங்கள். பேச்சுக்கு இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். குடும்பத் தொடருக்கு ஓட்டுப் போட்ட 12 பேரும் நகைச்சுவையை இரண்டாவதாக, துப்பறிவதை மூன்றாவதாக எழுதுகிறார்கள். துப்பறியும் கட்சி 10 பேரும் இரண்டாவது இடத்தை நகைச்சுவைக்கே தருகிறார்கள், குடும்பம் கடைசி. நகைச்சுவைக்காரர்கள் 8 பேருக்குத் துப்பறிவது இரண்டாவது, குடும்பம் கடைசி.

இப்போது பென்சிலை எடுங்கள். முதல் ஓட்டை மட்டும் எண்ணினால் குடும்பத் தொடர் 12 ஓட்டில் ஜெயிக்கிறது. சரி, குறைந்த ஓட்டு வாங்கிய நகைச்சுவையை நீக்கிவிட்டு, அந்த 8 பேரின் ஓட்டை அவர்களுடைய இரண்டாவது விருப்பத்துக்கு மாற்றுவோம். துப்பறியும் தொடருக்கு 18, குடும்பத்துக்கு 12. ஜெயித்தது துப்பறியும் தொடர். அதுவும் வேண்டாம், முதலிடத்துக்கு 3, இரண்டாவதற்கு 2, மூன்றாவதற்கு 1 என்று மதிப்பெண் போட்டுக் கூட்டுவோம். குடும்பம் 54, துப்பறிவது 58, நகைச்சுவை 68. இப்போது நகைச்சுவை முதலிடம்!

30 பேரில் ஒருவர்கூட மனதை மாற்றிக்கொள்ளவில்லை. எண்ணும் முறையை மாற்றியதற்கே மூன்று தொடர்களும் ஆளுக்கொரு தடவை ஜெயித்துவிட்டன. 'மக்கள் தீர்ப்பு' என்று யாராவது மேஜையைத் தட்டினால், எப்படி எண்ணினீர்கள் என்று நான் கேட்பது இதனால்தான்.

மதிப்பெண் போட்டுக் கூட்டும் முறைக்குப் போர்டா முறை என்று பெயர். ஜான் சார்ல் டி போர்டா என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி 1770-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் இதை எடுத்துச் சொன்னார். அவர் காலத்தவரான கோந்தோர்சே இன்னொரு வழி சொன்னார்: இரண்டிரண்டாக மோதவிடுங்கள், எல்லோரையும் நேருக்கு நேர் தோற்கடிப்பதுதான் முதலிடம். உங்கள் 30 பேரில் நகைச்சுவை குடும்பத்தை 18–12 என்றும், துப்பறிவதை 20–10 என்றும் தோற்கடிக்கிறது. இரண்டு பிரெஞ்சுக்காரர்களும் ஒரே தொடரைக் காட்டுகிறார்கள். குழுவின் பட்டியல் என்றால் நானும் அதற்குத்தான் முதலிடம் தருவேன். யாரும் முகத்தைத் தூக்காமல் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கக்கூடியது அதுதானே?

கேள்வி: அப்படியானால் குறையே இல்லாத முறை எது? அதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

இல்லை. கென்னத் ஆரோ என்ற பொருளியலாளர் 1951-இல் வந்த தன் நூலில் இதை நிரூபித்தே காட்டிவிட்டார். மூன்றோ அதற்கு மேலோ போட்டியிட்டால், நாம் நியாயம் என்று நினைக்கும் சில எளிய நிபந்தனைகளை எல்லாம் ஒருசேர நிறைவேற்றும் வரிசைமுறை கிடையாது. 1972-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற இருவரில் அவர் ஒருவர்.

கோந்தோர்சேயே 1785-இல் ஒரு வில்லங்கத்தைக் காட்டியிருந்தார். 'அ' தொடர் 'ஆ'வை ஜெயிக்கும், 'ஆ' 'இ'யை ஜெயிக்கும், 'இ' திரும்பி வந்து 'அ'வை ஜெயித்துவிடும். மூன்று பேர் ஓட்டுப் போட்டாலே இது நடக்கலாம். எங்கள் வீட்டில் அக்கா, நான், தங்கை மூவரும் ரிமோட்டோடு உட்கார்ந்தால் அநேகமாக இதுதான் நடக்கும்.

அதனால் ஏதாவது ஒரு முறையைத் தேர்ந்தெடுத்து, ஓட்டுப் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். திறந்த பிறகு முறையை மாற்றினால் தங்கள் தொடரைத் தோற்கடிக்கத்தான் மாற்றினீர்கள் என்பார்கள். பல சமயம் அது உண்மையாகவும் இருக்கும்.

கேள்வி: ஆளுக்கு எத்தனை தொடர் எழுதச் சொல்வது? வரிசை அவசியமா?

பத்துப் போதும். 25 எழுதச் சொன்னால் 11-ஆவதிலிருந்து மனிதர்கள் பெயருக்காக எழுதுவார்கள், பார்க்காத தொடரும் உள்ளே வந்துவிடும்.

வரிசை வேண்டுமா என்பதில் பெரிய இடங்களே ஒத்துப்போகவில்லை. பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை சிறந்த திரைப்படங்களுக்கு ஓட்டெடுக்கிறது. அதில் ஒருவர் பத்துப் படம் எழுதலாம், பத்துக்கும் ஒரே மதிப்பு. ஐரோப்பிய நாடுகள் ஆளுக்கொரு பாட்டோடு மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டி 1975 முதல் வேறு மாதிரி: முதல் பாட்டுக்கு 12, அடுத்ததற்கு 10, அப்புறம் 8, 7 என்று 1 வரை இறங்கும். மேலே இருக்கும் இரண்டுக்கும் கொஞ்சம் கூடுதல் மரியாதை. எனக்குப் பிடித்தது இதுதான். ஒருவர் உயிராக நினைக்கும் தொடருக்கும், இருக்கட்டுமே என்று பத்தாவதாக எழுதியதற்கும் வித்தியாசம் தெரிய வேண்டாமா?

உங்கள் குழுவில் பத்துப் பேர்தான் என்றால் இவ்வளவு சிரமம் வேண்டாம். 'பிடித்ததற்கெல்லாம் டிக் அடியுங்கள்' என்று விட்டுவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் ஒவ்வொரு தொடருக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டோம். நாலே பேர் பார்த்த ஒரு தொடர் சராசரி 9.5 வாங்கி முதலிடம். 200 பேர் மார்க் போட்ட தொடர் 8.4 வாங்கிப் பின்னால் நிற்கிறது. அநியாயமாகத் தெரிகிறது. என்ன செய்ய?

அநியாயம்தான். நாலு பேர் சராசரியை நம்ப முடியாது, அந்த நாலு பேரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கலாம்.

இதற்கு ஒரு நல்ல வைத்தியம் இருக்கிறது. ஒவ்வொரு தொடருக்கும் சில கற்பனை ஓட்டுகளைச் சேர்த்துவிடுங்கள், எல்லாத் தொடர்களின் பொதுச் சராசரி எதுவோ அதே மார்க்கில். உங்கள் பொதுச் சராசரி 7 என்று வைத்துக்கொண்டு, தலா 20 கற்பனை ஓட்டு சேர்ப்போம். நாலு பேர் தொடர்: 4 × 9.5 = 38, அதோடு 20 × 7 = 140, மொத்தம் 178. 24-ஆல் வகுத்தால் 7.4. மற்றதற்கு 1680-உம் 140-உம் சேர்ந்து 1820. 220-ஆல் வகுத்தால் 8.3. பெரிய கூட்டத்தை 20 கற்பனை ஓட்டு அசைக்கவில்லை. சின்னக் கூட்டத்தைத்தான் நடுவுக்கு இழுத்திருக்கிறது. படங்களுக்கு ரசிகர்கள் மார்க் போடும் ஐஎம்டிபி இணையதளம் தன் முதல் 250 பட்டியலுக்கு வெளியிட்ட சூத்திரமும் இந்த வகைதான்.

அந்த நாலு பேர் தொடரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 'குறைவான பேர் பார்த்தவை' என்று தனியாகக் கீழே ஒரு பெட்டி கட்டுங்கள். எங்கள் பட்டியலில் நான் முதலில் படிப்பது அந்தப் பெட்டியைத்தான். புதிதாகப் பார்க்க ஏதாவது கிடைக்கும்.

கேள்வி: ஒரு நண்பர் தன் தொடருக்காகத் தெரிந்தவர்களை எல்லாம் குழுவில் சேர்த்து ஓட்டுப் போட வைக்கிறார். போதாததற்கு, போட்டியாக இருக்கும் நல்ல தொடரை வேண்டுமென்றே கடைசி இடத்தில் எழுதச் சொல்கிறார்.

இரண்டாவது தந்திரம் போர்டா காலத்திலேயே இருந்தது. அதைச் சுட்டிக்காட்டியபோது, என் முறை நேர்மையானவர்களுக்கு மட்டும் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். பாவம், மனிதர் வேறு என்ன சொல்வார்!

நான் செய்வதைச் சொல்கிறேன். அறிவிப்பு வரும் நாளில் உறுப்பினராக இருப்பவருக்கு மட்டுமே ஓட்டு, அன்றைக்குப் பிறகு சேர்ந்தவருக்கு அடுத்த ஆண்டு. நடுவில் யார் முன்னிலை என்று மூச்சு விடுவதில்லை. நிலவரம் தெரிந்தால்தான் தந்திரம் செய்யத் தோன்றும். முழுப் பட்டியலையும் வரிசைப்படுத்தச் சொல்லாமல் பிடித்த பத்தை மட்டும் எழுதச் சொன்னால், 'கடைசி இடம்' என்பதே இருக்காது. பிடிக்காததை எழுதாமல் விடலாம், அவ்வளவுதான். அந்த நண்பரிடம் சண்டை போட வேண்டாம். எண்ணும்போது சீட்டை உரக்கப் படிக்கும் வேலையை அவருக்கே கொடுங்கள். நான் கொடுத்துப் பார்த்திருக்கிறேன், ஆள் அடங்கிவிடுவார்.

கேள்வி: 12 எபிசோடில் முடிந்த தொடரையும் ஆயிரம் எபிசோட் தாண்டி ஓடுவதையும் ஒரே பட்டியலில் வைக்கலாமா?

வைக்கலாம். பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் 2000-ஆம் ஆண்டில் துறைக்காரர்களிடம் ஓட்டெடுத்துச் சிறந்த 100 பிரிட்டிஷ் நிகழ்ச்சிகளைப் பட்டியலிட்டது. முதலிடம் வந்த 'ஃபால்டி டவர்ஸ்' மொத்தமே 12 எபிசோட்தான். 1975-இல் ஆறு, 1979-இல் ஆறு.

சிக்கல் நீளத்தில் இல்லை. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் தொடர் நேற்று இரவுகூட வீட்டுக்கு வந்துவிட்டுப் போயிருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் முடிந்ததை நாம்தான் நினைவில் தேடி எடுக்க வேண்டும். வெறும் தாளைக் கொடுத்தால் புதியவைதான் நிறைய வரும். நான் ஓட்டுக்கு முன்பே பழைய தொடர்களின் பெயர்களை அகர வரிசையில் எழுதி ஒட்டிவிடுவேன். 'அட, இது இருந்ததே!' என்று ஆட்கள் நின்று படிப்பார்கள்.

இன்னொன்று, ஒரே கதை வேறு மொழியில் மறுபடி எடுக்கப்பட்டால் அது தனித் தொடர். டப்பிங் செய்தது தனி இல்லை, மூலத்தோடு சேரும். சீசன்களைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் ஒரே தொடரின் ஓட்டு நாலாகச் சிதறி, எல்லோருக்கும் பிடித்தது எங்கோ கீழே கிடக்கும்.

கேள்வி: எதற்கு இத்தனை பாடு? டிஆர்பி பார்த்தால் தெரிந்துவிடாதா?

டிஆர்பி என்பது மீட்டர் வைத்த மாதிரி வீடுகளில் எது ஓடியது என்ற கணக்கு. ஓடியதெல்லாம் பிடித்தது ஆகாது. வேறு சேனல் மாற்றச் சோம்பலாக இருந்தாலும் ஓடும். அமெரிக்காவின் 'தி வயர்' 2002 முதல் 2008 வரை ஐந்து சீசன் ஓடியபோது பார்த்தவர்கள் குறைவு, அந்த நாட்டுத் தொலைக்காட்சி விருதான எம்மி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பிபிசி 2021-இல் 43 நாடுகளைச் சேர்ந்த 206 பேரிடம் இந்த நூற்றாண்டின் சிறந்த தொடர்களைக் கேட்டபோது முதலிடம் அதற்குத்தான்.

கேள்வி: இரண்டு தொடர் சமமாக வந்துவிட்டால் சீட்டுக் குலுக்கலாமா?

குலுக்காதீர்கள். 1969 யூரோவிஷனில் நாலு நாடுகள் 18 புள்ளிகளோடு சமமாக நின்றன. சமநிலைக்கு விதியே எழுதி வைக்கவில்லை, நாலும் வெற்றி என்று அறிவித்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு சில நாடுகள் போட்டிக்கே வரவில்லை. பிறகு விதி வந்தது. 1991-இல் ஸ்வீடனும் பிரான்சும் 146-இல் சமம். 12 மதிப்பெண் எத்தனை தடவை என்று பார்த்தார்கள், அதிலும் சமம். 10 மதிப்பெண் எண்ணியபோது ஸ்வீடனுக்குக் கூடுதல், ஜெயித்தது.

நீங்கள் முதலில் எத்தனை பேர் எழுதினார்கள் என்று பாருங்கள். அதிகம் பேர் எழுதியது மேலே. அதுவும் சமம் என்றால் இரண்டுக்கும் ஒரே இடம் கொடுங்கள். ஆனால் இரண்டு தொடர் 2-ஆம் இடத்தில் இருந்தால் அடுத்தது 4, 3 இல்லை. இதற்காக ஒரு செயலாளரோடு நான் இன்னும் பேசுவதில்லை.

கேள்வி: உங்களுக்குப் பிடித்த தொடர் எது டீச்சர்? அதைச் சொல்லவே மாட்டேன் என்கிறீர்களே.

எண்ணுகிறவள் சொல்லக் கூடாது. எங்கள் வட்டத்தில் அது எப்போதும் முதல் பத்துக்குள் வராது என்பதை வேண்டுமானால் சொல்கிறேன். கணவர் அந்தத் தொடரின் பெயரைக் கேட்டாலே செய்தி சேனலுக்கு மாற்றிவிடுவார். அவருடைய ஓட்டும் செல்லும்.