பழைய உழவு இயந்திரம் வாங்கப் போகிறீர்களா? எஞ்சினைக் கடைசியாகப் பாருங்கள்

தர்மபுரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஐந்து ஏக்கர் வயலும் இரண்டு ஏக்கர் மேட்டுக்காணியும் வைத்திருக்கிறார். மேட்டில் கச்சான் போடுகிறார். இதுவரை உழவுக்கு மெசின் பிடித்துத்தான் செய்து வந்தாராம். வெளிநாட்டிலுள்ள அண்ணன் காசு அனுப்புகிறேன் என்றதும் சொந்தமாக ஒன்று தேடத் தொடங்கி, இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று வவுனியாவில் நிற்கும் பழைய மசி பெர்குசன் 135, புதிதாகப் பெயின்ற் அடித்தது. மற்றது மல்லாவியில், ஆறேழு வருடம் ஓடிய இந்திய மெசின். லீசிங் இன்னும் முடியவில்லை. "எனக்கு மெசினைப் பற்றி ஒன்றுமே தெரியாது. ஸ்டார்ட் பண்ணிச் சத்தம் நன்றாக இருந்தால் போதும் என்கிறார்கள், சரியா? இரண்டில் எதை வாங்கலாம்?" என்று கேட்கிறார்.

சத்தம் போதாது தம்பி. பழைய மெசினில் எஞ்சின்தான் திருத்துவதற்குச் சுலபமான பகுதி. 135 இல் இருப்பது மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் எஞ்சின். அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இருக்கிறார்கள். லைனர், பிஸ்டன், றிங் எல்லாம் கடையில் கிடைக்கும். எவ்வளவு முடியும் என்று முன்கூட்டியே கேட்டு, அதை விலையில் குறைக்கவும் சொல்லலாம். புதிதாக வாங்குபவர் மாட்டிக்கொள்வது வேறு இரண்டு இடங்களில்: வாகனப் பதிவுப் புத்தகத்தில், அப்புறம் மெசினின் பின்பாதியில். எனவே புத்தகம், பின்பாதி, எஞ்சின் என்ற ஒழுங்கில் பாருங்கள்.

புத்தகத்தை முதலில் பார்க்கச் சொல்ல வன்னியில் தனிக் காரணம் உண்டு. 2009 இற்கு முன்னிருந்தே இங்கு ஓடும் மெசின்கள் சாமானும் சனமும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக இடம்பெயர்ந்தவை. சிலவற்றின் புத்தகம் தொலைந்துபோனது. சிலவற்றின் சொந்தக்காரர் இன்று இல்லை. ஒன்றின் எஞ்சினையும் இன்னொன்றின் கியர்பெட்டியையும் சேர்த்து ஓடவைத்தவையும் உண்டு. வயலில் இறங்க அது ஒரு தடையில்லை. பெயர் மாற்றப் போகும்போதுதான் பிடிபடும். ஆகவே புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எஞ்சின் இலக்கத்தையும் சேஸி இலக்கத்தையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். சேற்றையும் கிறீஸையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் இலக்கம் தெரியும். தகட்டில் இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், தகடு கழற்றிப் பூட்டக்கூடியது. இரும்பில் அடித்த எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்கின்றனவா, சுற்றியுள்ள இரும்பு மட்டும் அரத்தால் ராவியதுபோல் மழுமழுவென்று இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அந்த இடத்தில் மட்டும் பெயின்ற் தடிப்பாக இருந்தால் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் திரும்பி வந்துவிடலாம்.

அடுத்தது பெயர். புத்தகத்தில் ஒருவர் பெயர், விற்பவர் இன்னொருவர், இடையில் கையெழுத்து மட்டும் வைத்த 'ஓப்பின் பேப்பர்' என்பது நம் ஊரில் சாதாரண நடைமுறையாகிவிட்டது. கைமாறிய 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். மூன்று கை மாறியும் முதல் சொந்தக்காரர் பெயரிலேயே கிடக்கும் மெசினை வாங்கினால், அவர் வெளிநாடு போயிருந்தாலோ இறந்திருந்தாலோ அலைவது நீங்கள்தான். முற்பணம் கொடுக்கும் முன் திணைக்களத்தில் கட்டணம் கட்டி வாகன விபரத்தின் பிரதியை எடுத்துவிடுங்கள். விற்பவர் காட்டும் போட்டோக் கொப்பியைவிட அது எவ்வளவோ மேல்.

இன்னும் இரண்டு வகை மெசினிலிருந்து விலகி நில்லுங்கள். போருக்குப் பிறகு இந்திய அரசு வடக்கு விவசாயிகளுக்கென 500 உழவு இயந்திரங்களைக் கொடுத்தது. அப்படி ஓர் அமைப்புக்கோ கமநல சேவை நிலையத்துக்கோ கொடுக்கப்பட்டதைத் தனியாள் ஒருவர் "என்னிடம்தான் நிற்கிறது, எடுங்கோ" என்று விற்க முடியாது. மற்றது மணல் வழக்கில் மாட்டிய மெசின். அனுமதியில்லாமல் மணல் ஏற்றிப் பிடிபட்ட வாகனத்தை நீதிமன்றம் பிணைமுறியில் விடுவிக்கும்போது, வழக்கு முடியும்வரை கைமாற்றக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் பெரும்பாலும் விடும். விற்பவர் இதைத் தானாகச் சொல்லமாட்டார். அயலில் ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து விசாரித்தால் அரை மணித்தியாலத்தில் தெரிந்துவிடும். வழக்கில்லாவிட்டாலும், மணல் இழுத்த மெசினில் கிளச்சும் பின் அச்சும் அடிவாங்கியிருக்கும். பின்னால் இழுக்கும் ட்ரெயிலர் பெட்டி கொழுவும் இடத்தில் ஊசி போகும் துளையைப் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவத்துக்கு இழுபட்டிருந்தால் நிறையப் பாரம் இழுத்திருக்கிறது என்று அர்த்தம்.

சரி, பின்பாதிக்கு வருவோம். வயல்காரனுக்குக் கலப்பை கொழுவும் கைகளைத் தூக்கி இறக்கும் ஹைட்ரோலிக்தான் உயிர். அதைக் குளிர்ந்த மெசினில் சோதிப்பது வீண். ஒயில் தடிப்பாக இருக்கும்போது தேய்ந்த பாகங்களுக்கிடையே கசிவு தெரியாது. எனவே குறைந்தது அரை மணித்தியாலம் உழவிடுங்கள், ஒயில் சூடாகட்டும். பிறகு கலப்பையையோ ரொட்டவேற்றரையோ கொழுவி முழு உயரத்துக்குத் தூக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டு மணிக்கூட்டைப் பாருங்கள். பத்து நிமிடத்தில் கொஞ்சம் இறங்கினால் பழைய மெசினுக்கு அது பரவாயில்லை. நிறுத்திய கையோடு நிலத்தில் போய் உட்கார்ந்தால் உள்ளே பிஸ்டன் றிங்கோ வால்வோ போயிருக்கிறது, மேல்மூடியைக் கழற்றித்தான் வேலை செய்ய வேண்டும். தூக்கும்போது ஒரே சீராக ஏறாமல் விக்கி விக்கி ஏறினாலும் யோசியுங்கள். தூக்கி நிற்கும் கலப்பைக்குக் கீழே மட்டும் காலோ கையோ வைக்காதீர்கள்.

அப்படியே கியர்பெட்டி ஒயிலையும் பாருங்கள். 135 போன்ற மசி மெசின்களில் கியருக்கும் ஹைட்ரோலிக்குக்கும் ஒரே ஒயில்தான். அளவுகோலை இழுத்தால் தேத்தண்ணிக்குப் பால் விட்ட நிறத்தில் வருகிறதென்றால் தண்ணீர் போயிருக்கிறது. சுரி வயலில் வயிறு வரை புதையச் சேறடித்த மெசின்களில் இது நம் பக்கம் அடிக்கடி வரும் நோய். தண்ணீர் கலந்த ஒயிலில் ஓடிய பெயாரிங்கும் பம்பும் எத்தனை நாள் தாங்கும் என்று எந்த மெக்கானிக்காலும் உறுதி சொல்ல முடியாது. இதற்கு மாறாக, ஒயில் அன்றைக்கு மாற்றியதுபோல் பளிச்சென்று இருந்தால், "எப்போது மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள்?" என்று கேளுங்கள்.

கிளச்சைச் சோதிக்க, பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு பெரிய கியரில் போட்டுக் கிளச்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் திணறி நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளச் வழுக்குகிறது. கிளச் தட்டின் விலை பெரிதில்லை. அதை மாற்ற மெசினை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டுமே, கூலியும் நாளும் அங்கேதான் போகும். பிறகு பாரப் பெட்டியைக் கொழுவிக் குளக்கட்டு மாதிரியான ஏற்றத்தில் ஏற்றி, அதே கியரில் அக்சிலேற்றரைக் குறைத்தபடி இறக்குங்கள். கியர் தானாகக் கழன்று விழக்கூடாது. பின் சில்லுகளின் உட்பக்கம் ஒயில் ஈரம் பிடித்துத் தூசி கறுத்துப் போயிருந்தால் அச்சுச் சீல் ஒழுகுகிறது. அந்த ஒயில் பிரேக்குக்குள்ளும் போகும். இடதும் வலதும் தனித்தனியே பிடிக்கிறதா என்று மிதித்துப் பாருங்கள்.

எஞ்சினுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. போனவுடன் எஞ்சினில் கை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் காலையில் சொல்லாமல் போங்கள். மெசின் எப்போதும் சரிவில்தான் நிற்கிறதென்றால் பற்றரியோ ஸ்டார்ட்டர் மோட்டரோ சரியில்லை. ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று வந்தால் றிங் தேய்ந்திருக்கிறது. நீலப் புகை நிற்காமல் வந்தாலும் ஒயில் எரிகிறது என்றுதான் பொருள். ரேடியேற்றர் மூடியை எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும் திறவுங்கள், தண்ணீரில் எண்ணெய்ப் படை இருக்கக்கூடாது.

ஒரு சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நன்றாகச் சூடான எஞ்சினை நிறுத்தி, ஐந்து பத்து நிமிடம் பொறுத்து மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்கள். காலையில் ஒரே அடியில் பிடித்த மெசின் சூட்டில் பிடிக்க மறுத்தால் டீசல் பம்ப் தேய்ந்திருக்கக்கூடும். இந்தப் பழைய எஞ்சின்களின் பம்புக்கு உள்ளே ஓடும் டீசல்தான் மசகெண்ணெய். 2022 இல் டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது மண்ணெண்ணெய் கலந்து ஓட்டியிருந்தால் முதலில் தேய்வது அதுதான். பம்ப் திருத்த அளவுகருவி வைத்திருக்கும் கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும், சாதாரண கராஜில் முடியாது.

முன்பக்கத்தை யாக்கில் தூக்கிச் சில்லைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் விலையில் பேசலாம், அதற்காக மெசினை விட வேண்டியதில்லை. பின் ரயர் இரண்டும் பெரிய செலவு என்பதால் பூவை மட்டும் பார்க்காமல் பக்கச்சுவரில் வெயில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று காட்டும் மீற்றரை நான் பார்ப்பதே இல்லை, பாதி மெசின்களில் கேபிள் அறுந்திருக்கும். கிளச் பெடலின் வரிகள் மழுங்கியிருப்பதும், கலப்பை கொழுவும் கைகளின் நுனியிலுள்ள குண்டு கடகடவென்று ஆடுவதும் உண்மையைச் சொல்லும். பெட்டியும் சேர்த்து விற்கிறார் என்றால் அதற்குப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்க மறக்காதீர்கள்.

இனி உங்கள் இரண்டு மெசின்கள். வவுனியா 135 ஏறத்தாழ ஒன்றரைத் தொன் எடை, சேற்றில் அதிகம் புதையாது, பாகத்துக்குப் பஞ்சமில்லை. பழகுவதற்கு அதைவிட நல்ல மெசின் எனக்குத் தெரியவில்லை. ஆனால் புதுப் பெயின்ற் எனக்குப் பிடிக்கவில்லை. நட்டுக்கும் கிறீஸ் நிப்பிளுக்கும் மேலாக, அழுக்கோடு சேர்த்துப் பெயின்ற் அடித்திருந்தால் அது விற்பதற்காக அடித்தது. இலக்கம் சரி, கை இறங்கவில்லை, ஒயில் சுத்தம் என்றால் எடுங்கள்.

மல்லாவி மெசினில் ஓட்டம் குறைவாக இருக்கலாம். ஆனால் லீசிங் முடியும்வரை அது கம்பனியின் சொத்து. "மாதக் காசை நான் கட்டுகிறேன், நீங்கள் எனக்குத் தாருங்கோ" என்ற பேச்சுக்கு ஒருநாளும் சம்மதிக்காதீர்கள். அவர் கட்டாமல் விட்டால் கம்பனி உங்கள் வளவுக்கு வந்துதான் தூக்கும். இருவரும் சேர்ந்து கம்பனிக்குப் போங்கள். மிச்சம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கி, அந்தக் காசை நேரே கம்பனிக்குக் கட்டி, விடுவிப்புக் கடிதம் வந்த பிறகு மீதியை அவர் கையில் கொடுங்கள். அதற்கு அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் 135 ஐயே பாருங்கள், அல்லது பொறுங்கள்.

பொறுக்க நேரம் இருக்கிறதா என்பதையும் யோசியுங்கள். காலபோக விதைப்புக்கு முன், புரட்டாதி ஐப்பசியில் எல்லோரும் மெசின் தேடுவார்கள், விலையும் ஏறி நிற்கும். மாசி பங்குனியில் வெட்டு முடிந்து கடன் அடைக்க வேண்டியவர்கள் விற்பார்கள், பேரமும் படியும். ஏழு ஏக்கருக்காக மட்டும் மெசின் வாங்குவது என் கணக்கில் கட்டாது. அயலுக்கும் உழவு ஓடுவதாக இருந்தால் சரி, யார் ஓட்டுவது என்பதையும் இப்போதே அண்ணனோடு பேசி வையுங்கள். எந்த மெசினை எடுத்தாலும் வீட்டுக்குக் கொண்டுவந்ததும், வயலில் இறக்கும் முன், எஞ்சின் ஒயில், கியர்பெட்டி ஒயில், டீசல் பில்ரர் மூன்றையும் மாற்றி, எல்லா நிப்பிளுக்கும் கிறீஸ் அடித்துவிடுங்கள்.