மாமா சொல்லும் பி.காம்., மனம் கேட்கும் வரலாறு

கேள்வி: அம்மா மஞ்சூர் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். அப்பா இல்லை. பாட்டி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர். நான் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படித்தேன். ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாற்றுக்குக் கலந்தாய்வு அழைப்பு வந்திருக்கிறது. கோவையில் இருக்கும் மாமா, "மலையில் அந்தச் சின்னக் கல்லூரியில் வரலாறு படித்து என்ன செய்வாய்? இங்கே தனியார் கல்லூரியில் பி.காம். சேர், முதல் வருடப் பணத்தை நான் கட்டுகிறேன்" என்கிறார். அம்மா பயப்படுகிறார். நான் என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத மாணவி, மஞ்சூர்

பதில்: அன்பு மகளே, வரலாற்றிலேயே சேர். உன் மாமா அக்கறையோடுதான் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் முதல் வருடத்துக்கு மட்டுமே பொறுப்பேற்கிறார். இரண்டாம், மூன்றாம் வருடக் கட்டணத்துக்கு உன் அம்மா எங்கே போவார்? அரசுக் கல்லூரியில் அந்தக் கவலை பெரிதாக இருக்காது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கவும் உனக்குத் தகுதி இருக்கிறது. அது கோவையில் சேர்ந்தாலும் வரும் பணம்தான். ஊட்டியில் அது உன் கைச்செலவுக்கு நிற்கும். கோவையில் கட்டணத்தில் கரைந்துவிடும்.

பிடிக்காத பாடத்தைப் பிறருக்காக எடுத்துக்கொண்டு, இரண்டாம் பருவத்திலேயே பாக்கித் தாள்களோடு தவிக்கும் பிள்ளைகளின் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. பி.காம். நல்ல படிப்புதான். விரும்பி எடுப்பவர்களுக்கு அது சோறு போடும்.

வரலாறு படித்து என்ன செய்வாய் என்ற கேள்விக்குப் பதில் உண்டு. பி.எட். முடித்து, தகுதித் தேர்வும் எழுதினால் பள்ளி ஆசிரியர் பணிக்கு முயலலாம். எம்.ஏ. முடித்து, கல்லூரி ஆசிரியர்களுக்கான நெட், செட் தகுதித் தேர்வுகளில் ஒன்றில் வென்றால் கல்லூரி ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கும், அரசு வேலைக்கான குரூப் 1, குரூப் 2 தேர்வுகளுக்கும் ஒரு பட்டம் இருந்தால் போதும். அந்தத் தேர்வுத் தாள்களில் வரலாற்றுக்குத் தனி இடம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்: வரலாறு உன்னைச் சுற்றியே இருக்கிறது. நீ சேரப்போகும் கல்லூரி 1955இல் தொடங்கியது. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822இல் கட்டத் தொடங்கிய ஸ்டோன் ஹவுஸ், அதாவது கல் பங்களா, அந்த வளாகத்தில்தான் இருக்கிறது. மஞ்சூரிலிருந்து ஊட்டிக்கு வரும் வழியில் முத்தோரை பாலடாவில் பழங்குடியினர் ஆய்வு மையமும் அதன் அருங்காட்சியகமும் இருக்கின்றன. உன் வீட்டிலேயே பாட்டி இருக்கிறார். 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. அந்த எண்ணிக்கைக்குள் உன் பாட்டி மாதிரி எத்தனையோ பேர் கப்பல் ஏறி வந்து, இந்த மலையில் மறுபடியும் கொழுந்துக் கூடையைத் தூக்கினார்கள். பாட்டியிடம் பாஸ்போர்ட்டோ, தாயகம் திரும்பியதற்கான குடும்ப அட்டையோ இருந்தால் பத்திரமாக எடுத்து வை. அவர் பேசுவதை இப்போதே எழுதிவைக்கத் தொடங்கு. வகுப்பு சிறியதாக இருந்தால், நீ எழுதியதை ஒரு பேராசிரியரிடம் கொண்டுபோய்க் காட்ட முடியும். உட்கார்ந்து படித்துப் பார்த்து, "இதை இன்னும் தோண்டு" என்று அவர் சொல்லவும் நேரம் இருக்கும். நூற்றுக்கணக்கில் பிள்ளைகள் உட்காரும் வகுப்பில் அது எளிதல்ல.

குறையும் உண்டு, மறைக்க மாட்டேன். பெரிய நகரக் கல்லூரிகளுக்கு வருவதுபோல் மலைக்கு நிறுவனங்கள் ஆள் எடுக்க வரிசையாக வருவதில்லை. அதனால் அரசு தரும் 'நான் முதல்வன்' வேலைத்திறன் பயிற்சிகளை ஏனோதானோ என்று விட்டுவிடாதே. ஆங்கிலம் பேசவும் கணினியில் வேலை செய்யவும் முதல் ஆண்டிலேயே பழகு.

நான் அதிகம் பயப்படுவது பஸ்ஸுக்குத்தான். மஞ்சூரிலிருந்து ஊட்டி 30 கிலோமீட்டருக்கும் மேல். இலவசப் பஸ் பாஸ் கிடைக்கும் என்பதற்காகத் தினமும் போய்வரத் துணியாதே. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மரம் விழும், மண் சரியும், முதல் வகுப்பு போய்விடும். மாலையில் கடைசிப் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் நூலகம் பக்கம் போகவே முடியாது. வருகைப் பதிவு குறைந்து, அலுத்துப்போய்ப் படிப்பை நிறுத்துவது இப்படித்தான் தொடங்குகிறது. ஆதிதிராவிடர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதிகளில் தங்கவும் சாப்பிடவும் பணம் கட்ட வேண்டாம். கல்லூரியில் இடம் உறுதியான அன்றே, சாதிச் சான்றிதழோடு போய் விடுதிக்கு மனு கொடு. நல்ல கம்பளிச் சட்டை குறைந்தது இரண்டு வேண்டும். ஈரம் காய அங்கே நாளாகும்.

கலந்தாய்வுக்கு முந்தைய நாளே ஊட்டிக்குப் போய் யார் வீட்டிலாவது தங்கிக்கொள். பெயர் கூப்பிடும்போது நீ இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றுக்கும் நான்கைந்து நகல் எடுத்துக்கொள். அதுவரை 'சும்மா ஒரு இடம் பிடித்துவைப்போம்' என்று யார் சொன்னாலும் அசல் சான்றிதழ்களைத் தனியார் கல்லூரியில் கொடுத்துவிடாதே. அசலைப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. ஆனாலும் கொடுத்ததைத் திரும்ப வாங்க அம்மா எத்தனை முறை கோவைக்கு அலைவார்?

மாமாவிடம் அம்மாவைத் தூது அனுப்பாமல் நீயே போனில் பேசு. கோபப்பட்டால் பொறுமையாகக் கேட்டுக்கொள். பிறகு, இப்போது கட்ட நினைத்த பணத்தை மூன்று ஆண்டு கழித்து உன் பி.எட். படிப்புக்குத் தர முடியுமா என்று கேட்டுப் பார்.