அரண்மனை எங்கே போயிற்று?

கேள்வி: பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கங்கைகொண்ட சோழபுரம் சென்றுவர எண்ணியிருக்கிறோம். கோயிலின் பெருமையை எல்லோரும் சொல்கிறார்கள். கங்கை வரை படை செலுத்திய மன்னனின் அரண்மனை என்ன ஆயிற்று? மாளிகைமேட்டில் பார்க்க ஒன்றுமில்லை என்கிறார்களே, அங்கே போவது வீண்தானா?
– வாசகி ஒருவர், மஞ்சக்குப்பம், கடலூர்.

பதில்: வீண் இல்லை, கட்டாயம் போங்கள். முதலாம் இராசேந்திரன் அமைத்து, ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழர் தலைநகராக விளங்கிய ஊரில் கோயிலை மட்டும் கண்டு திரும்பினால் அது பாதி ஊரைப் பார்த்ததாகவே ஆகும். இறைவனுக்குக் கருங்கல்லில் கோயில் எடுத்த மன்னர்கள், தாம் வாழ்ந்த மாளிகைகளைச் செங்கல்லாலும் மரத்தாலுமே கட்டிக்கொண்டார்கள். 13ஆம் நூற்றாண்டில் சோழராட்சி முடிந்து நகரம் பாழ்பட்ட பிறகு மரம் மட்கியது, செங்கல்லைப் பிற்காலத்தவர் பெயர்த்துச் சென்றனர். கோயிலுக்குத் தென்மேற்கே சுமார் 2 கி.மீ. தொலைவில் உள்ள மாளிகைமேட்டில், 1980 முதல் தமிழகத் தொல்லியல் துறை அகழ்ந்து வெளிக்கொணர்ந்தவை அந்த மாளிகையின் அடித்தளச் சுவர்கள். மெருகேற்றிய மரத்தூண்கள் கருங்கல் பீடங்களின் மேல் நின்றிருந்தன; அந்தப் பீடங்களுள் சில இன்றும் எஞ்சியுள்ளன. கூரை வேய்ந்த சிறிய தட்டை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் சீனப் பீங்கான் சில்லுகளும் அகழாய்வில் கிடைத்தன. சோழரின் கடல் வாணிகம் அரண்மனைக்கு உள்ளே வரை எட்டியதற்கு அந்தச் சில்லுகளே சான்று.

கோயிலில் எதை விரைந்து பார்த்தாலும், வடக்கு வாயிற்படிகளை ஒட்டிய சண்டேச அனுக்கிரக மூர்த்தி சிற்பத்தின் முன் சற்று நில்லுங்கள். உமையோடு வீற்றிருக்கும் சிவபெருமான், கீழே கைகூப்பிப் பணிந்திருக்கும் தம் அடியார் சண்டேசரின் தலையில் பூமாலையைச் சுற்றுகிறார். இராசேந்திரனுக்கே இறைவன் வெற்றிமுடி சூட்டும் காட்சி இது என்று கருதுவோரும் உண்டு. அந்தப் பணிவைப் பார்க்கும்போது எனக்கும் அவ்வாறே தோன்றுகிறது.

சுற்றுமதிலும் கோபுரமும் சிதைந்திருப்பதைப் பிள்ளைகள் கேட்டால், எல்லாம் பகைவர் செயல் என்று சொல்லிவிட வேண்டாம். 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது இங்கிருந்து கற்கள் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டன. அந்தக் கீழணையிலிருந்து வடவாறு வழியாகத்தான் நம் வீராணம் ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. இழப்பு பெரிதுதான், ஆயினும் நம் மாவட்டத்து வயல்கள் அக்கற்களுக்குக் கடன்பட்டவை என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வழியே விடியற்காலையில் புறப்படுவது நல்லது. வெயில் ஏறுமுன் மாளிகைமேட்டைப் பார்த்துவிட்டு, நண்பகலில் நடை சாத்துவதற்குள் கோயிலுக்கு வந்துவிடுங்கள்.