ராட்சச மிருகம் வர்ற அனிமே மாதிரி தனியா எழுதி ஆடுற கேம்ல சண்டைய எப்படி வைக்கிறது?

கேள்வி கேட்டவருக்கு ராட்சச மிருகம் ஊருக்குள்ள பூந்து நாசம் பண்ற அனிமேன்னா உயிராம், அந்த மாதிரி ஒருத்தரே உக்காந்து டைரி எழுதி விளையாடுற கேம் ஒன்னு செய்யப் போறாராம், சண்டைய எப்படி வைக்கிறதுன்னு கேக்குறாரு. சண்டைய முடிஞ்ச வரைக்கும் வைக்காதீங்கன்னு சொல்லத்தான் வந்தேன், ஆனா இத ஒரே வரில சொன்னா கோவம் வரும், அதனால நான் மாட்டிக்கிட்ட கதைய சொல்றேன்.

நான் மலேசியாவுல, பேராக்ல உள்ள சுங்கை சிப்புட்ல இருக்கேன். பகல்ல வேற வேலை, கேம் செய்றதெல்லாம் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்தான். முதல் தடவை செஞ்சப்ப ஆடுறவர்தான் ரோபோ ஓட்டுற ஆளு, மிருகத்துக்கு இத்தன உயிரு, டைஸ உருட்டு, கழி, அப்புறம் டைரில எழுது, அவ்ளோதான். ஆடிப் பாத்தா பத்து பக்கமும் "அடிச்சேன், விழுந்துச்சு, எந்திரிச்சிச்சு, திரும்ப அடிச்சேன்". தம்பிகிட்ட குடுத்தேன், மூனாவது ராத்திரியோட புக்க மூடி வச்சிட்டு பூப்பந்து ஆடப் போய்ட்டான். டிவில ஒரு உதைய பாக்கலாம், கைல பேனாவ வச்சிக்கிட்டு அதே உதைய எத்தன விதமா எழுதுவீங்க?

அப்புறம் 1995ல வந்த எவாஞ்செலியன்ங்குற ரோபோ அனிமேவ திரும்ப பாத்தேன். மூனாவது எபிசோட்ல ரோபோ ஓட்டுற பையன ஸ்கூல்ல ஒருத்தன் மூஞ்சிலயே குத்துவான், ஏன்னா முந்தின சண்டைல அவன் தங்கச்சிக்கு அடிபட்டிருச்சு. ஊர காப்பாத்துனவன் மேலயே கோவம். 1954 காட்சில்லாவும் (அது அனிமே இல்லதான், கருப்பு வெள்ளை படம், இருந்தாலும் எல்லாத்துக்கும் தாத்தா) மிருகம் போனதும் அடிபட்டவங்க ரொம்பி வழியிற ஆஸ்பத்திரிய காட்டும். எனக்கு எழுதணும்னு கை பரபரத்தது அந்த ரெண்டு எடத்துலதான்.

ஏன் பரபரத்துச்சுன்னா மிருகம் வந்துட்டு போன மறுநாள் காலை எனக்கு தெரிஞ்ச ஒன்னு. எங்கப்பா எங்க ஊருக்கு பக்கத்து லாசாவுல காட்டோரத்து தோட்டத்துல மண்டோரா, அதான் ஆளுங்கள வேலை வாங்குற கங்காணியா இருந்தாரு. ராத்திரி யானை எறங்கும். பாட்டி இருட்டுனதுக்கு அப்புறம் யானைன்னு வாயத் தொறந்து சொல்ல விடாது, "பெரியவரு"ன்னுதான் சொல்லணும். விடிஞ்சா பெரட்டுல, அதான் வேலைக்கு முன்னாடி எல்லாரும் கூடி நிக்கிற எடத்துல, பேர் எடுக்கும்போதே பேச்சு பூரா எத்தன கன்னு போச்சுன்னுதான். செம்பனை (எண்ணெய் எடுக்குற பனை) ஏக்கருக்கு 55லேர்ந்து 60 மரம் வரைக்கும் நடுவாங்க, பெரியவருக்கு எளங்கன்னோட குருத்துதான் இஷ்டம், நட்டு மூனு வருஷம் கிட்ட ஆனாத்தான் முதல் பழமே வெட்ட முடியும், அப்படின்னா அவரு ஒரு ராத்திரி நடந்துட்டு போனது மூனு வருஷ கணக்கு. எந்த அனிமேவும் எனக்கு இவ்ளோ பெருசா ஒரு மிருகத்த காட்டுனதில்ல.

அதனால கேம மாத்திட்டேன். இப்ப நீங்க ரோபோ ஓட்டல, மறுநாள் பெரட்டுல செக்ரோல் (வேலையாளுங்க பேர் பட்டியல்) வச்சிக்கிட்டு பேர் கூப்புடுற ஆளு. மிருகத்தோட பேர கடைசி வரைக்கும் எழுதக் கூடாது, பெரியவருதான். எழுதுறது 555 புக்குல, நம்ம மளிகைக் கடைல கடன் எழுதுவாங்களே அந்த சின்ன புக்கு. தடியான நல்ல டைரிய குடுத்தா ஆளுங்க அழகா எழுதணும்னு பயந்து எழுதாம விட்டுடுறாங்க, இது நான் கண்ணால பாத்தது.

சீட்டுக்கட்டுல ஜோக்கர எடுத்துட்டு ஒரு ராத்திரிக்கு மூனு சீட்டு. ஸ்பேட் மரம், ஆர்ட்டின் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) ஆளுங்க, டைமன் கூலியும் கடனும், கிளாவர் வதந்தி. ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு கேள்வி, ஒன்னு சொல்றேன், டைமன் 7: "பெரியவரு விடிகாலை நாலு மணிக்கு வந்தாரு, வெயில் ஏறுனதுக்கு அப்புறம்தான் கித்தா மரம் வெட்டப் போனாங்க, பால் கொறைஞ்சிடுச்சு. கடைக்காரர் யாருக்கு இனிமே கடன் கெடையாதுன்னு சொல்றாரு?" கித்தான்னா ரப்பர், பட்டைய கீறி பால் எடுக்குறதத்தான் வெட்டுறதுன்னு சொல்வோம், குளிர்ல வெட்டுனாத்தான் பால் நல்லா எறங்கும், தோட்டத்துல இருந்தவங்களுக்கு இத சொல்லித்தர வேணாம், மத்தவங்களுக்கு ஒரு வரி சேத்திருக்கேன். கேள்விய கவனிங்க, யாருன்னுதான் கேக்குது. மொதல்ல எல்லா சீட்டுலயும் "உனக்கு எப்படி இருந்துச்சு"ன்னு எழுதி வச்சிருந்தேன், எல்லாரும் "கவலையா இருந்துச்சு"ன்னு எழுதிட்டு அடுத்த சீட்ட எடுத்தாங்க.

சண்டை சுத்தமா இல்லாமலும் இல்ல. 1966ல டிவில வந்த அல்ட்ராமேன்ங்குற ஜப்பான் ஹீரோவுக்கு பூமில 3 நிமிஷம்தான் தாங்கும், நெஞ்சுல லைட்டு மினுக்கும்ல, அத திருடிட்டேன். ஹேண்ட்போன்ல 3 நிமிஷம் வச்சிட்டு சண்டைய எழுதணும், மணி அடிச்சா பாதி வார்த்தையா இருந்தாலும் நிறுத்தணும். மறுநாள் காலைய எழுதுறதுக்கு மட்டும் நேரக்கணக்கே கெடையாது, தம்பி இந்த தடவ ஒரு காலைய மட்டும் ஆறு பக்கம் எழுதுனான்.

முடிவுக்கு கிங்க வச்சிருக்கேன். நாலு கிங்கும் வரட்டும்னு வச்சா சராசரியா 42வது சீட்டுலதான் முடியுது, பதினாலு ராத்திரி, யாருக்கும் பொறுமை இல்ல. மூனாவது கிங்னா கிட்டத்தட்ட 32வது சீட்டு, பத்து பதினோரு ராத்திரில வேலை முடிஞ்சிடும். இந்த கணக்க நீங்களும் எழுதுறதுக்கு முன்னாடியே போட்டுடுங்க, நான் எழுதி முடிச்சிட்டு போட்டு அவஸ்தப்பட்டேன்.

தோத்தோமா ஜெயிச்சோமான்றதுக்கு, ஜெங்கா கட்டைய அடுக்கி உருவுற மாதிரி தனியாள் கேம்லாம் இருக்கு, நான் கித்தா கொட்டைய வச்சேன். சின்ன வயசுல ஆடுவோம்ல, ஒன்னு மேல ஒன்னு வச்சி உள்ளங்கையால ஒரே அடி, எது ஒடையுதோ அது தோத்துச்சு. கீழ இருக்குறது தோட்டம், மேல பெரியவரு. கீழ இருக்குறது ஒடைஞ்சா செக்ரோல்ல ஒரு பேர அடிச்சிடணும், செத்தாரா, டவுனுக்கு ஓடிட்டாரான்றத நீங்கதான் எழுதணும். பிரச்சனை என்னான்னா எங்க பக்கம் கித்தா கொறைஞ்சி செம்பனையா ஆயிடுச்சு, கொட்டை பொறுக்கவே மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டு தூரமா போறேன், கோலாலம்பூர் கூட்டாளிங்க இருபது காசு சுண்டி ஆடுறாங்க, அதுல உள்ளங்கை வலிக்கல, அதனால பயமும் வரல.

இன்னும் ஒன்னு பாக்கி. மூனாவது கிங் வந்ததும் பெரியவரு எங்க போறாருன்னு நான் எழுதல. பெர்ஹிலித்தான்காரங்க, அதான் வனவிலங்கு இலாகா ஆளுங்க, யானைய புடிச்சி லோரில ஏத்தி வேற காட்டுல கொண்டு போய் விடுவாங்கல்ல, அப்படி முடிக்கலாம்னு பாக்குறேன், ஆனா அத எழுதுனா அந்த லோரி டிரைவரையும் செக்ரோல்ல ஏத்தி, அவரு அன்னிக்கு பசியாறுனாரா இல்லையான்னு ஒரு சீட்டு எழுதணும்லா.